கோடுகள் முழுதாக நிற்கின்றன, இணையம்தான் இல்லை

மார்ச் 3, இரவு 8.50 – கேள்வி

மடிக்கணினிக்கு நான்கு வயது. வைஃபை அடையாளத்தில் கோடுகள் முழுதாக நிற்கின்றன. ஆனாலும் இரவு எட்டு மணி வாக்கில் இணையம் திணறி நின்றுபோகிறது. பத்து மணிக்குமேல் தானாகவே சரியாகிவிடுகிறது. அதே மேசையில், அதே வைஃபையில் என் கைப்பேசி தடையில்லாமல் ஓடுகிறது. ஆகவே ரவுட்டர் மேல் குற்றமில்லை. மடிக்கணினியின் வைஃபை அட்டைதான் செத்துவிட்டது. புதிய அட்டை வாங்கிப் பொருத்துவதா, யுஎஸ்பியில் செருகும் குச்சி போதுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9.25 – பதில்

எதையும் வாங்காதீர்கள். செத்த அட்டை எட்டு மணிக்குச் செத்துப் பத்து மணிக்கு உயிர்த்தெழாது.

"வைஃபை வேலை செய்யவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற பேச்சு. எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் மருந்து கேட்கிறீர்கள். உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் ஒரு வழி. ரவுட்டரிலிருந்து சேவை நிறுவனம் வரை கம்பியில் ஒரு வழி. அங்கிருந்து உலகம். இவற்றுக்கு மேல், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ். இதில் எது அறுந்தாலும் திரையில் வரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

நாளை இரவு எட்டு மணிக்கு, இணையம் திணறும் அந்த நேரத்திலேயே, இதைச் செய்யுங்கள். கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் தட்டினால் உங்கள் முகவரியும் ரவுட்டரின் முகவரியும் தெரியும்; ரவுட்டர் 'டீஃபால்ட் கேட்வே' என்ற பெயரில் இருக்கும். உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படி இல்லையென்றால், பிங் கட்டளையால் ரவுட்டரை நூறு முறை தட்டிப் பாருங்கள். அடுத்து, வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். முதல் தட்டே தடுமாறினால் கோளாறு காற்றில். ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால், உங்கள் கணினியை விட்டுவிட்டுச் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எண் பதில் தந்து பெயர் தராவிட்டால் டிஎன்எஸ். மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லாம் மெதுவாக இருந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

மார்ச் 3, இரவு 9.40

மேலே எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. கைப்பேசி ஓடுகிறது என்ற உங்கள் சாட்சியத்தை நான் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. வைஃபை மோசமானால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும் கைப்பேசிகள் நிறைய உண்டு. வைஃபை அடையாளம் பாட்டுக்கு மேலே நின்றுகொண்டிருக்கும். தரவு வேறு வழியில் வந்துகொண்டிருக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொன்று. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸிலும் மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இணைந்திருக்கலாம். வைஃபையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு வெவ்வேறு அலைவரிசைகள், இரண்டு வெவ்வேறு சாலைகள். ஒன்றில் நெரிசல் இருப்பதால் மற்றதிலும் இருக்கவேண்டும் என்றில்லை.

மார்ச் 4, காலை 7.10

"தினமும் அணைத்துத்தான் போடுகிறேன், அதனால் பழைய கோளாறு தங்கியிருக்க வழியில்லை" என்று கேட்டவர் சொல்லியிருக்கிறார். வழியிருக்கிறது. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' என்பது பெரும்பாலும் முழு அணைப்பு அல்ல. சீக்கிரம் எழுந்திருக்கவேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் உள்ளகத்தையும், சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களின் நிலையையும் அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கப்போகிறது. குழம்பிப்போன வைஃபை டிரைவர் காலையில் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைப்பதைவிட மறுதொடக்கம் ஆழமானது என்பது யாருக்கும் எளிதில் செரிக்காத உண்மை, எனக்கும் செரிக்கவில்லை. இரண்டு வருடம் அணைத்து அணைத்துப் பார்த்தவன் நான்.

மார்ச் 4, இரவு 9.30

முடிவுகள் வந்துவிட்டன. மாலை ஆறு மணிக்கு ரவுட்டரைத் தட்டினால் 2, 3 மில்லி விநாடியில் பதில். இரவு எட்டேகாலுக்கு நூறில் 31 தொலைந்தன. வந்தவற்றிலும் பல 400, 900 என்று தள்ளாடிக்கொண்டு வந்தன. 169.254 இல்லை. ஆக, கோளாறு காற்றில்தான். சேவை நிறுவனத்தைத் திட்டும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மொபைல் டேட்டாவை அணைத்த பிறகும் கைப்பேசி நன்றாகவே ஓடியதாம். எட்டு மணிக்கு மவுஸும் விட்டுவிட்டு நகர்கிறது, அதற்குப் பேட்டரி மாற்றவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கணினிக்கே சோர்வு போலிருக்கிறது.

கோடுகளைப் பற்றி இப்போதே பேசிவிடவேண்டும். அவை ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பக்கத்தில் நிற்பவர் உரக்கத்தான் பேசுகிறார், ஆனால் மேளம் அடிக்கும்போது என்ன சொன்னார் என்பது புரியாது. வைஃபை பகுப்பாய்வுச் செயலிகள் குரலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாராளம். மைனஸ் 80க்கு அப்பால் தவம்தான். ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் வலிமை பத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. கேட்டவருக்கு மைனஸ் 48. குரலில் குறையே இல்லை. மேளம் எங்கே அடிக்கிறது என்பதுதான் கேள்வி.

என் ஊகம், பக்கத்து வீடுகள். எட்டு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்கிறார்கள், பத்து மணிக்குமேல் தூங்குகிறார்கள். நேரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் எனப்படும் தடங்களுக்கு எண் பதின்மூன்று வரை இருந்தாலும், அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஒரு வைஃபை பிடிக்கும் இடமோ ஏறக்குறைய 20. ஆகவே ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்க வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11 என்ற மூன்றே.

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அக்கம்பக்கத்தைச் செயலியில் பார்த்தேன். 1இல் ஐந்து பேர், 6இல் ஏழு பேர். நடுவில் 3 காலியாகக் கிடந்தது. ஆளில்லாத இருக்கையைக் கண்டவனைப்போல ஓடிப்போய் உட்கார்ந்தேன். வேகம் இன்னும் கெட்டது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து, முறைவைத்துப் பேசிக்கொள்கிறார்கள். 3இல் இருப்பவனுக்கு 1இன் பேச்சும் 6இன் பேச்சும் பாதிப்பாதியாகக் காதில் விழும். புரியாது, வெறும் இரைச்சல். முறைவைக்கவும் முடியாது. கூட்டமான வரிசையில் நிற்பது, வரிசைகளுக்கு நடுவே நிற்பதைவிட மேல். அன்றே 1க்கு மாற்றிவிட்டேன்.

கேட்டவரின் ரவுட்டர் 6இல் இருக்கிறது. 11க்கு மாற்றிப் பாருங்கள். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள்.

மார்ச் 5, பிற்பகல் 2.05

ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாளை நிறுத்தினால் பலன் உண்டா என்று ஒருவர் கேட்கிறார். உண்டு. நான் செய்திருக்கிறேன். முன்னறையில் கூடியது, படுக்கையறையில் அடியோடு போயிற்று. தாளை எடுத்தபோது முன்னறையிலும் நிம்மதி திரும்பியது, ஏனென்றால் வீட்டில் சண்டை நின்றது.

இன்னொருவர் மைக்ரோவேவ் அடுப்பைக் கைகாட்டுகிறார். சந்தேகம் நியாயமானதே. அடுப்பு வேலை செய்வது 2,450 மெகாஹெர்ட்ஸ் அருகில், அதாவது வைஃபையின் நடுமுற்றத்தில். ஆனால் எந்த அடுப்பும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடாது. ஓடினால் முதலில் கவனிக்கவேண்டியது வைஃபையை அல்ல.

மார்ச் 5, இரவு 9.50

சேனல் மாற்றிய பின் 31 என்பது 26 ஆகியிருக்கிறது. இது முன்னேற்றமா தற்செயலா என்று சொல்ல முடியாத எண். என் பக்கத்து வீட்டுக் கோட்பாட்டுக்கு உயிர் இருக்கிறது, ஓடும் அளவுக்கு இல்லை.

சரி, பொறுமை போய்விட்டது. இவற்றையெல்லாம் செய்துவிடுங்கள்:

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். மின் திட்ட அமைப்பில் வயர்லெஸ் அட்டைக்கு 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். ரவுட்டரில் பாதுகாப்பு முறை டிகேஐபி என்றிருந்தால் ஏஇஎஸ் ஆக்குங்கள். டிகேஐபியோடு 54 மெகாபிட்டுக்கு மேல் போகவே போகாது. நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து மறுபடி இணையுங்கள். ப்ளூடூத்தை அணையுங்கள்.

மார்ச் 6, இரவு 10.20

வெற்றி! இன்று எட்டிலிருந்து பத்து வரை நூறுக்கு நூறு. ஒரு பிங்கூடத் தொலையவில்லை.

பவர் மேனேஜ்மென்ட்தான், சந்தேகமே இல்லை. கணினி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அட்டை கண் அயர்கிறது. ரவுட்டர் தரவை வைத்துக்கொண்டு காத்திருக்க, அட்டை எழுந்து வந்து கேட்பதற்குத் தாமதமாகிறது. என்னிடம் முன்பு இருந்த கணினியில் மூடியை மூடித் திறந்தாலே வைஃபை காணாமல் போய்விடும். மின்கம்பியை உருவி, அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால்தான் அட்டை மறுபடி கண்ணில் படும். மூன்று மாதம் அந்தச் சடங்கைச் செய்தேன். பிறகுதான் அந்த ஒற்றைச் சதுரத்திலிருந்த சரிக்குறியை எடுத்தேன், அதோடு தீர்ந்தது.

மார்ச் 7, காலை 6.45

இரவெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு மாற்றங்களை ஒன்றாகச் செய்யச் சொன்னேன். பவர் மேனேஜ்மென்ட்தான் காரணம் என்று எதை வைத்துச் சொன்னேன்? என் பழைய கணினியை வைத்து. கேட்டவரின் கணினி அந்தக் கணினி அல்லவே. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன் நான்.

மார்ச் 7, இரவு 9.15

மறுபடியும் போயிற்று. நூறில் 29. முந்தாநாள் செய்த ஆறு மாற்றங்களும் அப்படியே இருக்கின்றன. நேற்று எழுதிய வெற்றி முழக்கத்தை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கமாட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

புதிய டிரைவர் வந்தபின் வைஃபை அட்டையே காணவில்லை என்று வேறொருவர் புலம்பியிருக்கிறார். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' பொத்தான் அதற்காகவே இருக்கிறது. பழைய டிரைவர் திரும்பிவரும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் டிரைவரை இறக்கவேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து கைப்பேசிதான் காப்பாற்றும். யுஎஸ்பி கம்பியால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை அட்டைக்கு இதில் வேலையே இல்லை.

மார்ச் 8, முற்பகல் 11.30

நேற்றிரவு கேட்டவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறச் சொன்னேன். அந்தப் பெயரே கணினியின் பட்டியலில் வரவில்லையாம், கைப்பேசியில் மட்டும் வருகிறதாம்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கமுடியும். முதலாவது, சேனல். பல நாடுகளில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளப்பட்டவை. ரவுட்டர் அவற்றில் பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும். ரேடார் ஒலித்தால் இடத்தைக் காலி செய்யவேண்டும். சில கணினிகள் இந்தச் சேனல்களைச் சரியாகத் தேடுவதுமில்லை. என் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வாரத்தில் இரண்டு நாள் மாயமாகும். பேய் பிடித்த ரவுட்டர் என்றே நினைத்தேன். 36க்கு மாற்றிய பிறகு பேய் வரவில்லை. 36 முதல் 48 வரை இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டாவது காரணம், அட்டைக்கே 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாமல் இருப்பது. டிவைஸ் மேனேஜரில் உள்ள மாதிரிப் பெயரைக்கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். 802.11 என்ற எண்ணுக்குப் பின் பி, ஜி, என் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் 2.4 மட்டும்தான். ஏ அல்லது ஏசி இருந்தால் இரண்டும் தெரியும்.

மார்ச் 8, மாலை 5.40

பி, ஜி, என். அவ்வளவுதான்.

ஆக, கைப்பேசி 5இல் போய்க்கொண்டிருந்திருக்கிறது, மடிக்கணினி 2.4இல் கிடந்திருக்கிறது. முதல் நாளே எழுதினேன் என்று தோளைத் தட்டிக்கொள்ளலாம். எழுதிவிட்டு அதைச் சரிபார்க்க ஐந்து நாள் ஆக்கினேன் என்று தலையிலும் தட்டிக்கொள்ளலாம். அட்டை செத்துவிட்டது என்று கேட்டவர் சொன்னது தவறு. ஆனால் அட்டையை மாற்றினால் சரியாகும் என்று அவர் நினைத்ததில் பாதி உண்மை இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த குச்சி ஒன்றைச் செருகினால் இந்தத் தொல்லையிலிருந்து நழுவிவிடலாம். "எதையும் வாங்காதீர்கள்" என்று நான் போட்ட அதட்டலில் கொஞ்சம் காற்று இறங்கிவிட்டது.

இருந்தாலும் 2.4 ஏன் எட்டு மணிக்கு மட்டும் சாகிறது என்பதற்கு விடை வரவில்லை. பக்கத்து வீட்டார் காரணம் என்றால் 6ஆம் தேதி அவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்?

மார்ச் 9, காலை 8.00

நான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை நேற்றிரவுதான் கேட்டேன்: எட்டு மணிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில், எழுத்து மாறாமல்: "ஒன்றும் விசேஷமில்லை. அன்றைய வேலையை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பேன், ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓடும். 6ஆம் தேதி மட்டும் எடுக்கவில்லை, அன்று விடுப்பு."

டிஸ்க் யுஎஸ்பி 3.0. ஒரு சாண் நீளக் கம்பி. கணினியின் பின்புறத் துளையில் செருகி, மூடிக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் மின்குறிகள் துளையிலிருந்தும் கம்பியிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் வானொலி இரைச்சலாகக் கசிகின்றன. அந்தக் கசிவு 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை விரிந்து கிடக்கிறது. இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து, விளக்கி ஆவணம் வெளியிட்டது. மடிக்கணினியின் வைஃபை ஆன்டெனாக்களோ பெரும்பாலும் மூடிக்குள், திரையின் ஓரத்தில் ஓடுகின்றன. மேளத்தைக் கொண்டுவந்து காதுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோடுகள் முழுதாக நின்றன: ரவுட்டரின் குரல் குறையவில்லை, இரைச்சல்தான் ஏறியது. கைப்பேசி தப்பியது: அது 5இல் இருந்தது. சேனல் மாற்றம் பலன் தரவில்லை: இரைச்சல் எல்லாச் சேனல்களிலும் பரவியிருக்கிறது. 6ஆம் தேதி சரியாக இருந்தது: டிஸ்க் பெட்டிக்குள் இருந்தது. மவுஸ்! மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. 4ஆம் தேதியே கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இத்தனைக்கும் இந்த இன்டெல் ஆவணத்தை நான் படித்தவன். பக்கத்து வீட்டுக் கோட்பாடு நேரத்தோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் வேறெதையும் தேடவில்லை.

ஆனால் இன்னொரு முறை வெற்றி முழக்கம் போடமாட்டேன். இன்றிரவு சோதனை. பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். நகல் ஐந்து நிமிடம் ஓடட்டும், ஐந்து நிமிடம் நிற்கட்டும், மறுபடி ஐந்து நிமிடம் ஓடட்டும். வேறு எதையும் தொடாதீர்கள். 5ஆம் தேதி மாற்றியவற்றைக்கூடத் திரும்ப மாற்றவேண்டாம்.

மார்ச் 9, இரவு 9.05

நகல் ஓடும்போது நூறில் 28 தொலைவு. நிறுத்தினால் சுழியம். ஓடும்போது 33. பிறகு டிஸ்கை நீளமான, நல்ல உறையுள்ள கம்பிக்கு மாற்றி, எதிர்ப்பக்கத் துளையில் செருகி, ஒரு மீட்டர் தள்ளி வைத்தார்: நூறில் 1.

பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டும் மவுஸ் ஓடுகிறதாம்.

மார்ச் 10, பகல் 1.20

நீளக் கம்பி கையில் இல்லாதவர்களுக்கு: யுஎஸ்பி 2 துளை இருந்தால் அதில் செருகுங்கள். நகல் எடுக்க நேரமாகும், ஆனால் அந்த வேகத்தில் இந்த இரைச்சல் எழாது. உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் பெரும்பாலும் 3.0, கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் 2. பெரும்பாலும் என்றுதான் சொல்லுகிறேன், எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த நிற முறையைப் பின்பற்றுவதில்லை. கம்பியில்லா மவுஸின் குறியை வாங்கும் சின்னக் குமிழை 3.0 துளைக்கு ஒட்டிச் செருகாமல், ஒரு நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்தாலும் மவுஸ் பிழைத்துக்கொள்ளும்.

மார்ச் 11, இரவு 8.30

இடையில் வந்த வேறு கேள்விகள், சுருக்கமாக.

குறுஞ்செய்திச் செயலி ஓடுகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை: டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். கணினியின் டிஎன்எஸ் முகவரி இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் எழுதிச் சோதிக்கலாம். சில அலுவலக, விடுதி வைஃபைகளில் வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்திருப்பார்கள். அங்கே இதைச் செய்தால் நிலைமை மோசமாகும்.

எல்லாத் தளங்களும் "பாதுகாப்பற்றது" என்று மிரட்டுகின்றன: கணினியின் தேதியைப் பாருங்கள். ஆண்டு பின்னால் போயிருந்தால் சான்றிதழ்கள் எல்லாமே செல்லாதவையாகத் தெரியும். அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடினால், மதர்போர்டில் உள்ள சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ரவுட்டரில் அனுமதிப் பட்டியல் போட்டிருக்கிறேன், என் கணினியையே உள்ளே விடவில்லை: சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியை மறைத்து ஏதோ ஒரு முகவரியைக் காட்டும் வசதி கணினியில் இயங்குகிறதா பாருங்கள். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணையுங்கள். பாதுகாப்புக்கு அந்தப் பட்டியலை நம்பியிருக்கிறீர்கள் என்றால், நம்பாதீர்கள்.

எப்போது அறுந்தது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு: விண்டோஸ் 10 முதல், நெட்எஸ்எச் கட்டளையால் வைஃபை அறிக்கை ஒன்றை எடுக்கலாம். கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்று மணிவாரியாகப் படம் போட்டுக் காட்டும். இதை 3ஆம் தேதியே கேட்டவரிடம் சொல்லியிருந்தால் என்று யாரும் எழுதவேண்டாம். நானே எழுதிக்கொண்டேன். அவருடைய இணைப்பு அறுபடவே இல்லை, திணறியதுதான் உண்டு; ஆகவே அறிக்கையில் ஒன்றும் தெரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டும் ஆயிற்று.

மார்ச் 16, மாலை 6.50

ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு இரவும் நகல் ஓடுகிறது, ஒவ்வொரு இரவும் இணையமும் ஓடுகிறது. 5ஆம் தேதி செய்த ஆறு மாற்றங்களையும் கேட்டவர் ஒவ்வொன்றாக, நாளுக்கொன்றாகப் பழையபடி ஆக்கிப் பார்த்திருக்கிறார். எதனாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. என்னைவிடப் பொறுமைசாலி.

அப்படியும் அந்தக் குச்சியை வாங்கிவிட்டார். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். எந்தத் துளையில் செருகுவது என்று கேட்டிருக்கிறார். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்த இரைச்சல் ஒட்டாது, எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்று பதில் எழுதினேன். அனுப்பிவிட்டு மறுபடி யோசித்து, அந்தக் குச்சியே 2.4க்கு இறங்கிவிட்டால் என்ன செய்வது, டிஸ்க் இருக்கும் பக்கம் வேண்டாம் என்று இன்னொன்றும் அனுப்பினேன்.

இத்தனை எழுதியவன் வீட்டு நிலவரம் என்ன என்று நேற்று என் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 3. 'அன்றே 1க்கு மாற்றிவிட்டேன்' என்று மேலே எழுதியிருக்கிறேன். மாற்றியிருக்கிறேன், 'சேமி' பொத்தானை அழுத்தவில்லை.

இப்போது அழுத்திவிட்டேன்.

மார்ச் 16, மாலை 7.05

அழுத்தியதில் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகி, வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு அறுந்துபோயிற்று. கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் வரமாட்டேன்.